தரை துடைச்ச பிறகும் வெள்ளைக் கோடு, பிசுபிசுப்பு: டைல்ஸ், வினைல் ரெண்டுக்கும் வழி சொல்லுங்க

குளச்சல்_வாசி (கேள்வி)

வீடு குமரி மாவட்டம் குளச்சல் பக்கம், கடலுக்கு ஒரு கிலோமீட்டருக்குள்ள. ஹாலில் 2×2 அடி பாலிஷ் விட்ரிஃபைடு டைல்ஸ், அடர் சாம்பல் நிறம், மொத்தம் 50 டைல்ஸ். அடுக்களையில் மேட் செராமிக். மாடி அறையில் பழைய சிமெண்ட் தரைமேல வினைல் ஷீட், பசை போடாம சும்மா விரிச்சது. போர் தண்ணிதான். டிடிஎஸ் மீட்டர் (தண்ணியில் கரைஞ்சிருக்கிறதை அளக்குறது) 1,200 காட்டுது.

காலையில் துடைச்சா காயும்போதே டைல்ஸில் வெள்ளைக் கோடு விழுது. மத்தியானம் ஒரு குறையும் இல்ல. சாயங்காலம் ஆச்சுன்னா, அதுவும் மழை இருட்டிக்கிட்டு வந்துச்சுன்னா, பாதம் பிசுபிசுன்னு ஒட்டி தடம் தடமா தெரியுது. வினைல் வேற மாதிரி. எண்ணெய் பூசினாப்ல மங்கல். கதவுப் பக்கம் ரப்பர் மிதியடி கிடந்த இடத்தில் மஞ்சள் கறை. சவம், எவ்வளவு தேய்ச்சாலும் போகல.

5 லிட்டர் வாளிக்குப் போடுறது: ஃப்ளோர் கிளீனர் ரெண்டு மூடி, கல் உப்பு ஒரு கைப்பிடி, செவ்வாய் வெள்ளி கொஞ்சம் மஞ்சள் பொடி. வாரம் ஒரு நாள் வெள்ளை ஃபினாயில். நூல் மாப்பு, ஒரே வாளி. ஆசிட் விட்டு ஒரு தடவை கழுவினா சரியாயிரும்னு வீட்டில் சொல்றாங்க. விடலாமா?

தக்கலை_டைல்ஸ்வேலை

ஆசிட் வேண்டாம் அண்ணா. டைல்ஸ் தாங்கிடும், இடுக்கில் இருக்கிற சிமெண்ட் கிரவுட் தாங்காது. மேல்தோல் கரைஞ்சு சொரசொரப்பாகும், அப்புறம் அதில்தான் அழுக்கு போய் உட்காரும். கிரவுட் கொட்டினா தண்ணி அடியில் இறங்கும். ஆசிட் ஆவி பட்டு கட்டில் கால், கதவுக் கீல், ஃப்ரிட்ஜ் அடிப்பக்கம் எல்லாம் துருப்பிடிக்கும். கடற்கரையில் ஏற்கெனவே துருவுக்குக் குறைவில்ல. இன்னொண்ணு, பிளீச்சிங் பவுடர் கிடந்த இடத்தில் ஆசிட் பட்டா குளோரின் வாயு வரும், மூச்சை அடைச்சிரும். ரெண்டையும் ஒரே நாளில் ஒரே தரையில் எடுக்கவே கூடாது.

முதல்ல தரைமேல என்ன படிஞ்சிருக்குன்னு பாருங்க. மங்கல் அதிகமா இருக்கிற இடத்தில் அரை அடி சதுரமா மூணு கட்டம் குறிச்சுக்குங்க.

முதல் கட்டத்தில் மழைத்தண்ணி இல்லன்னா குடிதண்ணி கேன் தண்ணியைக் கை பொறுக்கிற சூட்டில் எடுத்து, வெள்ளைத் துவர்த்தால் (துண்டால்) ரெண்டு தடவை துடைச்சு, உலர்ந்த துணியால் ஒற்றி எடுங்க. மங்கல் போச்சுன்னா படிஞ்சது உப்பும் கிளீனர் மிச்சமும். துவர்த்தைப் பிழிஞ்சா நுரை வந்தா கிளீனர் உறுதி.

ரெண்டாவது கட்டத்தில் அதே சூட்டுத் தண்ணி அரை லிட்டர், துணி துவைக்கிற சோடா அரை டீஸ்பூன். மூணு நிமிஷம் விட்டுத் துடைங்க. இதுக்குப் போனா ஃபினாயில் எண்ணெய், அல்லது சமையல் எண்ணெய்.

மூணாவதில் வெள்ளை வினிகர் ஒரு பங்கு, தண்ணி நாலு பங்கு. ரெண்டு நிமிஷம். இதுக்கு மட்டும் போனா சுண்ணாம்புப் படிவு, அதாவது கடின நீர்க் கறை.

மூணுக்கும் மசியல, ஈரமா இருக்கும்போது பளிச்சுன்னு இருந்து காய்ஞ்சதும் திரும்ப மங்குதுன்னா, மேற்பரப்பே தேய்ஞ்சிருக்கு. அதைத் துடைச்சு சரி பண்ண முடியாது. தரை புதுசுன்னா மட்டும் வேற ரெண்டு சந்தேகம் உண்டு: பாலிஷ் டைல்ஸ் மேல கம்பெனியில் பூசி அனுப்புற மெழுகு, இல்லன்னா கிரவுட் பால் காய்ஞ்ச படலம். உங்க தரை எத்தனை வருஷம்னு சொல்லல.

வினைலில் சோடா, வினிகர் பரிசோதனை வேண்டாம், சுடுதண்ணி மட்டும்.

உப்புக்கணக்கு

கேள்வியிலேயே விடை இருக்கிறது. காலையில் கோடு, மத்தியானம் சுத்தம், சாயங்காலம் பிசுபிசுப்பு என்றால் அது உப்பு.

சாதாரண உப்பு காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் ஈரத்தை இழுத்துத் தானே கரைய ஆரம்பிக்கும். கல் உப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைடு அதற்கும் முன்பே ஈரம் பிடிக்கும். அடுக்களையில் உப்புப் பரணி மழைக்காலத்தில் கசிகிறதே, அதே வேலை உங்கள் ஹால் முழுக்க நடக்கிறது. மத்தியான வெயிலில் ஈரப்பதம் இறங்குவதால் தரை காய்ந்து சாதுவாகத் தெரிகிறது.

கணக்கைப் பாருங்கள். டிடிஎஸ் 1,200 என்றால் லிட்டருக்கு சுமார் 1.2 கிராம் கரைந்த பொருள். ஒரு கைப்பிடி கல் உப்பு 50 கிராம் என்று வைத்தால், 5 லிட்டரில் லிட்டருக்கு 10 கிராம். ஆக வாளித் தண்ணீரில் லிட்டருக்கு 11 கிராமுக்கு மேல். கடல் தண்ணீரிலேயே லிட்டருக்கு 35 கிராம்தான். கடலில் மூன்றில் ஒரு பங்கு உப்பைக் கொண்டு தினமும் வீட்டைத் துடைக்கிறீர்கள். போர் தண்ணீரை எல்லாரும் திட்டுவார்கள், ஆனால் அதைப் போல எட்டு மடங்கு உப்பு உங்கள் கையால் விழுகிறது.

உப்பை நிறுத்துங்கள். கண்ணேறு கழிய வேண்டுமென்றால் ஒரு கிண்ணத்தில் வைத்து மூலையில் வையுங்கள். மஞ்சள் பொடியும் அப்படித்தான், கிரவுட்டிலும் வினைலிலும் ஏறினால் இறங்காது. வாசற்படியில் மட்டும் பூசுங்கள்.

டிடிஎஸ் மீட்டர் கடினத்தன்மையைத் தனியாகக் காட்டாது என்பதையும் நினைவில் வையுங்கள். கடலோரப் போரில் 1,200 என்பதில் பெரும்பங்கு சாதாரண உப்பாக இருக்கலாம், அது நல்ல தண்ணீரிலேயே கரைந்து போகும். கால்சியம், மக்னீசியம் இருந்தால்தான் வினிகர் தேவைப்படும். சோப்பு நுரைக்கவே மறுக்கிறதா, கெட்டிலில் வெள்ளைப் பொருக்கு கட்டுகிறதா என்று பார்த்தாலே ஓரளவு தெரிந்துவிடும்.

ஆர்ஓ மெஷின் வெளியே தள்ளும் கழிவுத் தண்ணீரைச் சிலர் மாப்பு வாளியில் பிடிக்கிறார்கள். உள்ளே போன தண்ணீரைவிட அதில் உப்பு அதிகம். கறுப்பு, சாம்பல் டைல்ஸுக்கு அது ஆகவே ஆகாது. கக்கூஸுக்கு ஊற்றுங்கள்.

மேல்புறம்_அக்கா

இரும்பன் புளியை (பிலிம்பிக் காயை) நசுக்கி தேய்ச்சுப் பாருங்க, பித்தளையே பளபளன்னு ஆகும், டைல்ஸ் கறை எம்மாத்திரம்.

உப்புக்கணக்கு

அக்கா, பித்தளைக்குச் சரி, தரைக்கு வேண்டாம். இரும்பன் புளியில் இருப்பது ஆக்சாலிக் அமிலம். கடின நீரில் உள்ள கால்சியத்தோடு சேர்ந்தால் கரையாத வெள்ளைப் பொடியாகப் படியும், அதாவது இருக்கும் கோட்டுக்கு மேல் இன்னொரு கோடு. பழச்சாறு இடுக்கில் நின்றால் எறும்பும் வரும். இரும்பு ஸ்டூல் கால் வைத்த துருக்கறைக்கு மட்டும், ஒரு சொட்டு, ஒரு நிமிஷம், உடனே நல்ல தண்ணீர் என்று பயன்படுத்தலாம். மார்பிள், மொசைக், பழைய சிவப்பு சிமெண்ட் தரை இருக்கும் வீடுகளில் அதுவும் கூடாது. அந்தத் தரைகளுக்கு வினிகரும் எதிரிதான்.

குளச்சல்_வாசி

சோதிச்சுப் பார்த்தேன். ஹாலில் சுடுதண்ணிக்கே முக்கால்வாசி போயிட்டு, துவர்த்துப் பிழிஞ்சா நல்ல நுரை. கை கழுவுற பேசின் பக்கத்தில் நாலு டைல்ஸ் வினிகருக்குத்தான் போச்சு. அடுக்களை சோடாவுக்குப் போச்சு. வினைலில் சுடுதண்ணிக்குப் பாதி மங்கல் போச்சு, மஞ்சள் அப்படியே இருக்கு. தரை போட்டு ஆறு வருஷம். இனி முழுசா எப்படி எடுக்க?

தக்கலை_டைல்ஸ்வேலை

ஆறு வருஷம்னா மெழுகு, கிரவுட் பால் கதை இல்ல.

ஒரு நாள் ஒதுக்குங்க. ஈரம் படுறதுக்கு முன்னாடி வாரியலால் நல்லா தூத்து, மூலையில் உலர்ந்த துணி போட்டு மண்ணை ஒட்ட எடுக்கணும். நம்ம பக்கத்துச் செம்மண் நனைஞ்சா நைசா கரைஞ்சு கிரவுட்டுக்குள்ள இறங்கும், அப்புறம் கோடெல்லாம் செங்கல் நிறம்.

ஃபேனை நிறுத்துங்க, ஜன்னல் வெயில் நேரா விழுந்தா திரை போடுங்க. பாதிப் பேர் தப்பு பண்றது இங்கதான். சீக்கிரம் காயட்டும்னு ஃபேன் போட்டா, அழுக்குத் தண்ணி எடுக்குறதுக்கு முன்னாடியே அங்கேயே காய்ஞ்சு கோடாயிரும்.

ஹாலுக்கு ரெண்டு வாளி. ஒண்ணில் 5 லிட்டர் சூடான நல்ல தண்ணி, வேற எதுவும் போட வேண்டாம். ஆறு வருஷக் கிளீனர் தரையில் கிடக்கு, அதுவே நுரைக்கும். இன்னொண்ணில் மாப்பு அலச மட்டும் தண்ணி. நாலைஞ்சு டைல்ஸா நனைச்சு, மூணு நிமிஷம் ஊற விட்டு, காயுறதுக்கு முன்னாடி பிழிஞ்ச மாப்பால் எடுத்து, அலசுற வாளியில் அலசி, பிழிஞ்சு, அப்புறம்தான் சுடுதண்ணியில் முக்கணும். உங்க 50 டைல்ஸ் 200 சதுர அடி. 25 டைல்ஸ் முடிஞ்சதும் ரெண்டு வாளியும் மாத்துங்க. அடுத்த நாள் இன்னொரு தடவை. நுரை நிக்கிற வரைக்கும் இதுதான் வேலை. பெரும்பாலும் மூணு தடவையில் நின்னுரும்.

பேசின் பக்கத்து நாலு டைல்ஸுக்கு முதல்ல கிரவுட்டைப் பச்சைத் தண்ணியால் நனைச்சுக்குங்க. வறண்ட கிரவுட் வினிகரைக் குடிச்சிரும், நனைஞ்சது குடிக்காது. அப்புறம் ஒண்ணுக்கு நாலு வினிகர், ரெண்டு நிமிஷம், நைலான் பிரஷ், ரெண்டு தடவை நல்ல தண்ணி. இதை மாசத்துக்கு ஒண்ணுக்கு மேல வேண்டாம்.

அடுக்களைக்கு 5 லிட்டர் சுடுதண்ணியில் சோடா ஒரு டேபிள்ஸ்பூன். போர் தண்ணியில் கரைச்சா வெண்மையா கலங்கும், அதுவும் தரையில் படியும். அதனால மழைத்தண்ணியோ முனிசிபல் பைப் தண்ணியோ எடுங்க. கையுறை போட்டுக்குங்க. மீன் பொரிக்கிற அடுப்பு முன்னாடி அஞ்சு நிமிஷம் ஊற விட்டு பிரஷ் போடுங்க. மேட் டைல்ஸில் குழி குழியா இருக்கும், துணி மட்டும் போட்டா எண்ணெய் மேலோட்டமா நகரும், எழும்பாது. அப்புறம் ரெண்டு தடவை அலசல்.

மழைத்தண்ணிக்கு நமக்கென்ன பஞ்சம், ஆனி ஆடியிலும் கொட்டும், ஐப்பசி கார்த்திகையிலும் கொட்டும். முதல் மழையில் மாடி கழுவிப் போகட்டும், அடுத்ததைத் துணி கட்டி 20 லிட்டர் கேனில் பிடிச்சு மூடி வைங்க. எல்லா வேலைக்கும் வேண்டாம், கடைசி அலசலுக்கு மட்டும் போதும்.

தினசரிக்கு 5 லிட்டருக்கு கிளீனர் 5 மில்லி. இருமல் மருந்து மூடியில் அளவு போட்டிருக்கும், அதில் அளங்க. பாட்டில் லேபிளில் இதைவிடக் கூடப் போட்டிருந்தா அது கிருமிநாசினி வேலைக்கான அளவு. வீட்டில் நோய் இருந்தா அந்த அளவு போட்டு, சொன்ன நேரம் ஊற விட்டு, பிறகு பச்சைத் தண்ணியால் ஒருமுறை எடுத்துருங்க. வெள்ளை ஃபினாயில் பைன் எண்ணெய்ப் பால். வாசனை போனாலும் எண்ணெய் போகாது, தூசியைப் பிடிச்சு வச்சுக்கும். கக்கூஸோட நிறுத்திக்குங்க.

வினைல்_மார்த்தாண்டம்

மாடி அறையைப் பத்தி மட்டும் சொல்றேன்.

அந்த மஞ்சள் கறை போகாது. அழுக்கா இருந்தாத்தானே போகும்! ரப்பர் கெடாம இருக்கச் சேர்க்கிற மருந்து மிதியடியில் இருந்து கசிஞ்சு வினைலுக்குள்ளேயே இறங்கி நிறம் மாறுது. மேல தேய்ச்சா ஷீட்டோட படம்தான் தேயும். ரப்பர் விளையுற மாவட்டம், எல்லா வீட்டு வாசலிலும் ரப்பர் மிதியடிதான் கிடக்கும். டைல்ஸில் பிரச்சினை இல்ல, வினைலில் ஆகாது. அடியில் ரப்பர் ஒட்டாத பருத்தி மிதியடியோ, நெய்த கயிற்றுப் பாயோ போடுங்க. ஃப்ரிட்ஜ், மேசை கால் ரப்பர் புஷ்ஷும் இதே கறையை விடும், அதுக்கு அடியில் ஃபெல்ட் ஒட்டுங்க.

மங்கலுக்கு வெதுவெதுப்பான தண்ணி 5 லிட்டர், பாத்திரம் கழுவுற திரவம் 5 மில்லி. மாப்பைச் சொட்டாத அளவுக்குப் பிழிஞ்சு ஒரு தடவை, அப்புறம் வெறும் தண்ணியில் ரெண்டு தடவை, உடனே உலர்ந்த துவர்த்து. கொதிக்கிற தண்ணி, ஸ்டீம் மாப்பு, சபீனா மாதிரி பொடி, கம்பி நார் எதுவும் கூடாது. எறும்புக்குன்னு வாளியில் மண்ணெண்ணெய் விடுற பழக்கம் இருந்தா விட்டுருங்க. தின்னர், பெட்ரோல், நெயில் பாலிஷ் ரிமூவர் எல்லாம் வினைலை இளக்கிரும். கறுப்பு ஃபினாயில் தார்ச் சரக்கு, சொட்டு விழுந்த இடம் பழுப்பு. மங்கலை மறைக்க லிக்விட் பாலிஷ் போடுறதும் தப்பு, அழுக்கை உள்ள வச்சு மூடி, கொஞ்ச நாளில் அதுவே மஞ்சளிக்கும்.

செருப்புக் கறுப்புக் கோடு பென்சில் அழிக்கிற ரப்பருக்கே போகும். சக்கைப் பசை (பலாப்பழப் பிசின்) ஒட்டினா ரெண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய், ஒரு நிமிஷம், துடைச்சு உடனே பாத்திரத் திரவம். ரப்பர் பால் சிந்தினா காய விட்டு விரலால் உரிங்க.

உங்களுக்குப் பெரிய கவலை அடிப்பக்கம்தான். பசை இல்லாம விரிச்ச ஷீட்டில் ஓரம் வழியா மாப்புத் தண்ணி உள்ள போனா வெளிய வர வழியில்ல. மூலையைத் தூக்கி மோந்து பாருங்க. பூஞ்சை நாத்தம் இருந்தா மடிக்காம பெரிய சுருளா சுத்தி எடுத்து, தரையை ரெண்டு நாள் ஃபேனில் காய விடுங்க. பிறகு ஒன்றரை அடி சதுர பாலிதீன் ஷீட்டை நாலு பக்கமும் டேப் ஒட்டி 16 மணி நேரம் வைங்க. உள்பக்கம் நீர் முத்துக் கட்டினா தரையில் இன்னும் ஈரம் இருக்கு. மாடி அறைங்கிறதால அது மண்ணில் இருந்து வராது, சாரல் அடிக்கிற ஜன்னலோ சுவர் வெடிப்போ ஒழுகலாம். அதை அடைக்காம ஷீட்டைத் திரும்ப விரிக்காதீங்க.

குளச்சல்_வாசி

மூலையைத் தூக்கினேன், நாத்தம் இருக்கு. ஜன்னல் பக்கம்தான். கொத்தனாரைக் கூப்பிட்டாச்சு. நூல் மாப்பை மாத்தணுமா, அதுலயே ஓட்டலாமா?

தக்கலை_டைல்ஸ்வேலை

மைக்ரோஃபைபர் தட்டை மாப்பு வாங்குங்க, துணி மட்டும் மூணு. கீழ ஒண்ணு, அடுக்களைக்கு ஒண்ணு, மாடிக்கு ஒண்ணு. துவைக்கும்போது துணி மென்மையாக்குற திரவம் போடக் கூடாது, அது நூலைச் சுத்திப் படலம் கட்டி அழுக்கைப் பிடிக்க விடாது, தரையிலயும் கோடு போடும். சோப்பும் கொஞ்சம் போட்டு மூணு தண்ணி அலசி, வெயிலில் காய வைங்க. பழைய நூல் மாப்பை முற்றத்துக்கு வச்சுக்குங்க.