கோல்ப் வண்டியில் பாட்டு: பற்றரியில் எங்கே வயர் எடுத்தீர்கள்?

உப்புவெளியிலிருந்து:

திருகோணமலைப் பக்கம் கடலோர ஹோட்டல் ஒன்றில் எலெக்ட்ரீசியனாக இருக்கிறேன். வாசலில் இறங்கும் விருந்தினரையும் அவர்களுடைய பெட்டிகளையும் கடற்கரை அறைகளுக்கு ஏற்றிப்போக எங்களிடம் மின்சாரக் கோல்ப் வண்டி ஒன்று உண்டு. அதில் பாட்டுப் போடப்போய் நான்கு பற்றரிகளை இழந்தோம். வயர் பூட்டியது நான். இந்த வேலையில் இறங்கப்போகிற ஒருவராவது அதே பிழையை விடக்கூடாது என்றுதான் எழுதுகிறேன். உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்கள்.

மே மாதம், கடல் அடங்கி ஆட்கள் வரத் தொடங்கிய நேரம். வண்டி ஓட்டும் அண்ணை வந்து, "தம்பி, புறாத்தீவுக்குப் போட்டு வாற சனம் வெயிலில களைச்சு வருது. ஒரு பாட்டுப் போட்டா நல்லாயிருக்கும். உன்னால ஏலாதோ?" என்று கேட்டார். ஏலாது என்று சொல்ல மனம் வரவில்லை. பழைய வேன் ஒன்றில் கழற்றிய ரேடியோ இருந்தது, ஸ்பீக்கர் இரண்டும் இருந்தன. வண்டியின் சீட்டுக்கு அடியில் 12 வோல்ட் பற்றரிகள் நான்கு தொடராகப் பூட்டியிருக்கின்றன, மொத்தம் 48 வோல்ட். ரேடியோவுக்கு வேண்டியது 12 வோல்ட். கைக்கு எட்டிய கடைசிப் பற்றரியின் இரண்டு முனையிலும் வயரைப் பூட்டினேன். ஒரு மணித்தியாலத்தில் வேலை முடிந்தது, பாட்டும் அருமையாகக் கேட்டது.

ஜூலைக் கடைசியில் வண்டி தளரத் தொடங்கியது. முன்பெல்லாம் காலையிலிருந்து இருட்டும் வரை ஓடும். இப்போது மதியச் சாப்பாடு முடிந்த கையோடு மணல் பாதையில் இழுக்க மாட்டாமல் நின்றது. இரவு முழுக்க சார்ஜ் ஏற்றி, சார்ஜரில் பச்சை விளக்கு வந்த பிறகும் அதே கதை. ஒருநாள் விடியற்காலை மீற்றரை எடுத்துக்கொண்டு குனிந்தேன். மூன்று பற்றரிகளில் 12.8 வோல்ட், அதாவது முழுச் சார்ஜ். ரேடியோ பூட்டியதில் மட்டும் 12.1, அதாவது பாதிச் சார்ஜ் அளவுதான். மூடிகளைத் திறந்தால் இன்னொரு அதிர்ச்சி. நல்லவை என்று நினைத்த மூன்றிலும் தண்ணீர் வற்றித் தகடு வெளியே தெரிந்தது.

என்ன நடந்தது என்பது அப்போதுதான் விளங்கியது. தொடராகப் பூட்டிய பற்றரிகளில் வண்டி ஓடும்போது நான்கிலும் ஒரே மின்னோட்டம்தான் போகும், நான்கும் ஒரே அளவில் இறங்கும். அதில் ஒன்றிலிருந்து மட்டும் ரேடியோவும் எடுத்தால் அந்த ஒன்று கூடுதலாக இறங்கும். சார்ஜருக்கு இது தெரியாது. அது பார்ப்பது மொத்த வோல்ட்டை. மற்ற மூன்றும் நிரம்பி மொத்த வோல்ட் மேலே போனதும் வேலை முடிந்ததென்று நிறுத்திவிடும். அந்த ஒன்று ஒவ்வொரு இரவும் கொஞ்சம் குறையோடுதான் நிற்கும். அப்படியே கிடந்தால் தகட்டில் சல்பேட் படிந்து இறுகிவிடும். மற்ற மூன்றும் ஒவ்வொரு இரவும் தேவைக்கு மேல் ஏறித் தண்ணீரை வாயுவாக்கி வற்ற விட்டுக்கொண்டிருந்தன. ரேடியோவை அந்தப் பற்றரியில் பூட்டாமல் மற்ற மூன்றில் எதில் பூட்டியிருந்தாலும் இதேதான் நடந்திருக்கும்.

ஒன்றை மட்டும் மாற்றினால் சரிவராது. புதியது ஒன்றைப் பழைய மூன்றோடு சேர்த்தால் மறுபடியும் ஏற்றத்தாழ்வுதான். நான்கையும் மாற்றினோம். முதலாளி ஏசவில்லை. "இனிப் படிச்சுப்போட்டுச் செய்" என்றார். படித்தேன்.

இப்போது பூட்டியிருப்பது 48 வோல்ட்டை 12 ஆக்கும் கொன்வேட்டர். அது நான்கு பற்றரிக்கும் சேர்த்து, முதல் பொசிட்டிவிலும் கடைசி நெகட்டிவிலும் பூட்டப்பட்டிருக்கிறது. எடுக்கிற மின்சாரம் நான்கிலிருந்தும் சமமாகப் போகிறது. வாங்கும்போது உள்ளே எத்தனை வோல்ட் தாங்கும் என்று பாருங்கள். 48 வோல்ட் தொகுதி சார்ஜ் ஏறும்போது 60 வோல்ட்டை நெருங்கும். 36 முதல் 72 வரை தாங்குவது என்றால் பயமில்லை. என்னுடையது 20 அம்பியர் தரக்கூடியது. ரேடியோவின் முகப்பில் 4x50 வாட் என்று இருந்தாலும் உண்மையில் ஒரு ஸ்பீக்கருக்கு 20 வாட் அளவில்தான் தொடர்ந்து தரும். பின்னால் இருக்கும் பியூஸ் 10 அல்லது 15 அம்பியர்தான். அதனால் 20 தாராளம்.

பியூஸ் விஷயத்தில் கடைக்காரரும் சேர்ந்தே பிழை விடுகிறார். காருக்குப் போடும் தட்டைப் பியூஸ் சாதாரணமாக 32 வோல்ட்டுக்குத்தான் செய்யப்பட்டது. 12 வோல்ட் பக்கத்துக்கு அது சரி. 48 வோல்ட் பக்கத்தில் அது எரிந்தாலும் உள்ளே தீப்பொறி அணையாமல் தொடர இடமுண்டு. அந்தப் பக்கத்துக்கு 80 வோல்ட் டிசி என்று எழுதியதைத் தேடி வாங்கி, பற்றரி முனைக்குப் பக்கத்திலேயே பூட்டுங்கள்.

வண்டிச் சாவி திறந்தால் மட்டும் கொன்வேட்டர் வேலைசெய்யும்படி 48 வோல்ட் சுருள் உள்ள ரிலே (மின்சாரத்தால் திறந்து மூடும் சுவிட்ச்) ஒன்று வைத்தேன். இல்லாவிட்டால் சும்மா நிற்கும்போதும் கொஞ்சம் கொஞ்சமாக இழுக்கும். மாரிக்காலத்தில் எங்கள் வண்டி வாரக்கணக்கில் கொட்டிலில் நிற்கிறது. ரிலேயைப் பற்றரிப் பெட்டிக்குள் வைக்காதீர்கள், சார்ஜ் ஏறும்போது தீப்பற்றும் ஹைட்ரஜன் வாயு வரும் இடம் அது, ரிலே தீப்பொறி விடும். அப்புறம், வயரில் கைவைக்கும் முன் ஓட்டம், இழுவை என்று இருக்கும் சுவிட்சை இழுவைக்குத் தள்ளிவிட்டுப் பற்றரியின் பிரதான நெகட்டிவைக் கழற்றுங்கள். கையில் மோதிரம் கூடாது.

கிண்ணியாவிலிருந்து:

உங்களுக்கு நடந்தது எனக்கும் நடக்க இருந்தது தம்பி. என்னிடம் இருப்பது கோல்ப் வண்டி அல்ல, பாண் விற்கிற மின்சார ஓட்டோ. 60 வோல்ட், 12 வோல்ட் பற்றரி ஐந்து. பாண் ஓட்டோ என்றால் பாட்டு வேண்டும், பாட்டுக் கேட்டால்தான் சனம் ஒழுங்கைக்கு வெளியே வரும். நானும் ஒரு பற்றரியில்தான் வயர் எடுக்கப் போனேன். கராஜ் பாஸ்தான் கையைப் பிடித்துத் தடுத்தார்.

60 வோல்ட்டுக்கு ஏற்ற கொன்வேட்டர் அந்த நேரம் கிடைக்கவில்லை. அதனால் பாண் பெட்டிக்குக் கீழே தனியாக ஒரு 12 வோல்ட், 20 அம்பியர் மணிப் பற்றரி வைத்தேன். ஹோர்ன் ஸ்பீக்கருக்கு 30 வாட் அம்ப்ளிபயர்தான், முழுச் சத்தத்தில் கூட 4 அம்பியருக்குள் நிற்கும். காலையிலும் பின்னேரமும் சேர்த்து மூன்று மணித்தியாலம் போனாலும் இரவில் இன்னும் மிச்சம் இருக்கும். அதற்கென்று சின்ன சார்ஜர் தனியாக இருக்கிறது. ஓட்டோவின் வயர் எதையும் இது தொடாது. இரண்டு வேலை என்பதுதான் குறை. ஒருநாள் இரவு சார்ஜரைப் பூட்ட மறந்து மறுநாள் சத்தமில்லாமல் ஊர் சுற்றினேன், பாதிப் பாண் திரும்பி வந்தது.

நிலாவெளியிலிருந்து:

நான் முதலிலேயே கொன்வேட்டர் போட்டவன். எனக்கு வந்த தொல்லை வேறு. அக்சிலேட்டரை மிதித்தால் ஸ்பீக்கரில் ஒரு கீச்சுச் சத்தம், வேகம் கூடக்கூட அதுவும் ஏறும். இரண்டு காரணம் இருந்தது. ரேடியோவிலிருந்து அம்ப்ளிபயருக்குப் போகும் மெல்லிய வயரை மோட்டர் வயர்களோடு சேர்த்துக் கட்டியிருந்தேன். மற்றது, காரில் செய்கிற பழக்கத்தில் அம்ப்ளிபயரின் நெகட்டிவை வண்டிச் சட்டத்தில் பூட்டியிருந்தேன். இந்த வண்டிகளில் பற்றரி நெகட்டிவ் பெரும்பாலும் சட்டத்தோடு இணைந்திருக்காது. நெகட்டிவைக் கொன்வேட்டருக்கே திருப்பிக் கொண்டுபோய், மெல்லிய வயரை மறுபக்கத்தால் எடுத்தேன். சத்தம் நின்றது.

48 வோல்ட் பக்கத்துக்கும் 12 வோல்ட் பக்கத்துக்கும் நெகட்டிவ் தனித்தனியாக இருக்கிற கொன்வேட்டரா உங்களுடையது? உப்புக் காற்றுக்கு முனைகள் எப்படி நிற்கின்றன?

உப்புவெளியிலிருந்து:

ஆம், தனித்தனிதான். கொஞ்சம் விலை கூட, ஆனால் 12 வோல்ட் பக்கத்தில் வயர் எங்காவது சட்டத்தில் உரசினாலும் 48 வோல்ட் அந்த வழியால் ரேடியோவுக்கு வராது. முனைகளுக்கு வெள்ளீயம் பூசிய செம்பு வயரும் வயர் நுனியில் நசுக்கிப் பூட்டும் லக்கும் போட்டு, இறுக்கிய பிறகு வாஸ்லின் பூசுகிறேன். முதல் தடவை வெறும் செம்பு வயர் போட்டேன், ஒரு மாரிக்குள் பச்சை பிடித்துவிட்டது. ஸ்பீக்கரும் இப்போது படகுக்குச் செய்ததுதான்.

கிண்ணியா அண்ணை, புதுப் பற்றரிகள் போட்டு இது இரண்டாவது சீசன். மாதம் ஒருமுறை நான்கையும் மீற்றரால் பார்க்கிறேன். போன கிழமை நான்கும் 12.7.