வரலாற்று வகுப்பு நம்மிடம் எதிர்பார்த்தது என்ன? – அனுபவப் பகிர்வு

நீடாமங்கலம் வாசகி

பத்தாம் வகுப்புச் சமூக அறிவியல் விடைத்தாளை எப்படித் திருத்துவார்கள் என்பது இங்குள்ள பலருக்கும் தெரியும் என்பதால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். அரையாண்டுத் தேர்வில் வேதாரண்யம் உப்புச் சத்தியாக்கிரகம் பற்றி ஐந்து மதிப்பெண் வினா வந்தது. 1930 ஏப்ரல் 13 அன்று ராஜாஜி தலைமையில் தொண்டர்கள் திருச்சிராப்பள்ளியிலிருந்து புறப்பட்டதையும், தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி வழியாக நடந்து ஏப்ரல் 28 அன்று வேதாரண்யம் சேர்ந்ததையும், அவர்களுக்குச் சோறோ தங்க இடமோ கொடுப்பவர்கள் தண்டிக்கப்படுவார்கள் என்று தஞ்சாவூர் ஆட்சியர் தார்ன் எச்சரித்ததையும் என் மகள் சரியாகவே எழுதியிருந்தாள். எங்கள் ஊர் அந்த நடைப்பயண வழியில் இருப்பது. நேரில் உணவளிக்க முடியாத இடங்களில் மக்கள் சோற்றுப் பொட்டலங்களைச் சாலையோர மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டார்கள் என்று அவளுடைய தாத்தா சொல்லக் கேட்டதை இரண்டு வரிகளாகச் சேர்த்திருந்தாள்.

விடைத்தாள் வந்தபோது அந்த இரண்டு வரிகள் மட்டும் சிவப்பு மையால் வட்டமிடப்பட்டிருந்தன. ஓரத்தில், 'பாடநூலில் உள்ளதை மட்டும் எழுதவும்' என்று இருந்தது. ஐந்துக்கு மூன்று. மதிப்பெண் குறைந்தது எனக்குப் பெரிதில்லை. "இனிமே தாத்தா சொன்னதை எல்லாம் எழுத மாட்டேன்மா" என்று சொல்லிவிட்டு அவள் அந்தத் தாளை நான்காக மடித்தாள். அந்த மடிப்புதான் இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது. ஆட்சியரின் எச்சரிக்கை பாடமாகும்போது, அதை மக்கள் எப்படி மீறினார்கள் என்பது ஏன் பாடமாகக் கூடாது? உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு இப்படி நடந்திருந்தால் எழுதுங்கள்.

ஓய்வு பெற்ற வரலாற்று ஆசிரியர், விழுப்புரம்

வட்டமிட்டவரின் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. விடைத்தாள் திருத்தும் முகாமில் முதன்மைத் தேர்வாளராகப் பல ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். ஒரு முறை மேல்நிலை இரண்டாம் ஆண்டு விடைத்தாள் ஒன்று மறுபார்வைக்காக என் மேசைக்கு வந்தது. ஒத்துழையாமை இயக்கத்தைக் காந்தியடிகள் ஏன் நிறுத்தினார் என்ற வினாவுக்கு அந்த மாணவர் பத்தி பிரிக்காமல், தலைப்பு இடாமல், பக்கம் முழுவதையும் ஒரே மூச்சில் எழுதியிருந்தார். திருத்திய உதவித் தேர்வாளர் இரண்டு மதிப்பெண் கொடுத்திருந்தார். நான் விரல் வைத்து வரிவரியாகப் படித்தேன். 1922 பிப்ரவரி, சௌரி சௌரா என்ற ஊர், காவல் நிலையம் தீக்கிரையானது, 22 காவலர்கள் இறந்தது, அறவழியில் காந்தியடிகள் காட்டிய பிடிவாதம், நிறுத்தியதில் மற்றத் தலைவர்களுக்கு ஏற்பட்ட அதிருப்தி என எல்லாமே உள்ளே இருந்தன. ஐந்தும் கொடுக்கச் சொன்னேன். அந்தத் தாள் என் மேசைக்கு வராமலே போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற எண்ணம் எனக்கு அடிக்கடி வருவதுண்டு.

ஆகவே பிள்ளைகள் கவனிக்க வேண்டியவற்றைச் சொல்லிவிடுகிறேன். மேல்நிலை வரலாற்றுத் தாளில் எழுத்துத் தேர்வு 90 மதிப்பெண்ணுக்கு, அகமதிப்பீடு 10 மதிப்பெண்ணுக்கு. அந்த 90-இல் ஐந்து மதிப்பெண் வினாக்கள் மட்டுமே 35 மதிப்பெண்ணை எடுத்துக்கொள்கின்றன. அங்கே துணைத் தலைப்புகள் இல்லாத விடை திருத்துபவரின் கண்ணில் பாதியாகத்தான் விழும். ஒவ்வொரு கருத்தையும் தனி வரியில் தொடங்கி, ஆண்டையும் இடப்பெயரையும் அடிக்கோடிட்டுக் காட்ட வேண்டும். ஒரு மதிப்பெண் வினாக்களுக்குப் பாடத்தின் பின்பக்கப் பயிற்சியோடு நின்றுவிடாமல், பாடத்தின் நடுவே பெட்டிக்குள் தரப்பட்ட செய்திகளையும் படிக்க வேண்டும். பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் காலக்கோட்டை அளவுகோல் வைத்து வரைந்து, அளவைக் குறித்துவிட்டு, அதன் பிறகே நிகழ்வுகளை எழுத வேண்டும். அளவு குறிக்காமல் எழுதினால் 1919-க்கும் 1920-க்கும் இடையே இருக்கும் தூரம் 1905-க்கும் 1919-க்கும் இடையிலும் இருந்துவிடும். வரைபடத்தில் புள்ளி வைத்துவிட்டுப் பெயரை எங்கோ கடலில் எழுதக் கூடாது. தாத்தா சொன்ன செய்தியை எழுதுவதில் தவறே இல்லை, ஆனால் பாடநூல் தரும் ஐந்து கருத்துகளை எழுதி முடித்த பிறகு, இறுதியில், தனிப் பத்தியாக எழுதட்டும். அப்படி எழுதினால் வட்டமிட யாருக்கும் கை வராது.

காஞ்சிபுரம் மாவட்டத்து உறுப்பினர்

ஐயா சொல்வதைப் பணிவோடு மறுக்கிறேன். தாத்தாவின் செய்திக்கு இறுதிப் பத்தியைத்தான் ஒதுக்க வேண்டும் என்றால், முதல் நான்கு பத்திகளும் யாருடைய வரலாறு என்ற கேள்வி வருகிறது.

பதினொன்றாம் வகுப்பில் எங்கள் ஆசிரியர் உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயிலுக்கு அழைத்துப்போனார். சோழ மன்னன் முதலாம் பராந்தகன் காலத்து, 919, 921 ஆகிய ஆண்டுகளின் கல்வெட்டுகள். பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் இட்டு எடுத்து ஊர்ச் சபைக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் குடவோலை முறையைப் புத்தகத்தில் நாங்கள் ஏற்கெனவே மனப்பாடம் செய்திருந்தோம். வரி செலுத்தும் நிலம் கால் வேலியாவது (வேலி ஒரு நில அளவு) வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வயது 35-க்கு மேலும் 70-க்குள்ளும் இருக்க வேண்டும், வேதம் அறிந்திருக்க வேண்டும். கடந்த மூன்றாண்டுகளுக்குள் வாரியத்தில், அதாவது சபையின் குழுவில், இருந்தவர்களும், இருந்து கணக்குக் காட்டாதவர்களும், அவர்களுடைய உறவினர்களும் ஆகாது. வெயில் ஏறிய கல்தரையில் நின்றுகொண்டு அந்தச் சுவரெழுத்துகளைப் பார்த்த பிறகு, ஆசிரியர் ஒப்படைவாகக் கொடுத்தது ஒரே ஒரு கேள்விதான்: உங்கள் தெருவில் யாருடைய பெயர் அந்தக் குடத்துக்குள் போயிருக்கும்?

மறுவாரம் அவர் ஒரு நோட்டை எடுத்து எல்லோருக்கும் உரக்கப் படித்தார். என் பக்கத்தில் உட்காரும் நண்பன் எழுதியது அது. "எங்கள் தெருவில் யாருடைய பெயரும் போயிருக்காது. என் அப்பா அறுக்கப் போகும் வயலின் சொந்தக்காரர் பெயரும் போயிருக்காது, ஏனென்றால் அவருக்கு வேதம் தெரியாது. என் அம்மாவின் பெயரை யாரும் ஓலையில் எழுதியே இருக்க மாட்டார்கள்." வகுப்பில் சற்று நேரம் யாரும் பேசவில்லை. பிறகு ஒருத்தி எழுந்து, அப்படியானால் இதைத் தேர்தல் என்று ஏன் சொல்கிறோம் என்று கேட்டாள். அந்தக் கேள்வியிலேயே பாடவேளை முழுவதும் போய்விட்டது. ஊரின் பிரிவுகளான முப்பது குடும்புகளில் ஒவ்வொன்றிலிருந்தும் ஓர் ஓலை எடுத்தது, எதுவும் அறியாத சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்தது, ஏரி வாரியம், தோட்ட வாரியம் என்று பிரித்தது, இவை எல்லாம் எங்களுக்கு அன்றுதான் உண்மையில் விளங்கின, ஏனென்றால் அது பிராமணர்களுக்குத் தானமாகத் தரப்பட்ட பிரம்மதேய ஊரின் சபைக்கான ஏற்பாடு என்பதும், அந்த எல்லைக்குள் அது எவ்வளவு நுணுக்கமாக வகுக்கப்பட்டது என்பதும் ஒரே நேரத்தில் கண்ணுக்குத் தெரிந்தன. அந்த நோட்டை எழுதியவன் அப்போதைய தேர்வுகளில் நாற்பதைத் தாண்டியதில்லை. துணைத் தலைப்பு இட அவனுக்குத் தெரியாது. ஐயா, அவனுக்கு எத்தனை மதிப்பெண் கொடுத்திருப்பீர்கள் என்று அறிய உண்மையாகவே விரும்புகிறேன்.

சென்னை, சிபிஎஸ்இ மாணவியின் தாய்

எங்களுக்கு வரலாற்றில் செயல்திட்டத்துக்கே 20 மதிப்பெண். பெரும்பாலானோர் இணையத்திலிருந்து எடுத்து, கடையில் வண்ணத்தில் அச்சிட்டு, சுருள்கம்பி போட்டுக் கொடுத்துவிட்டார்கள். என் மகள் 1962-க்குப் பிறகு, பர்மாவின் இராணுவத் தலைவர் நே வின் ஆட்சியில் கடைகளும் தொழில்களும் அரசுடைமையானபோது ரங்கூனிலிருந்து கப்பலில் வந்திறங்கிய தன் பாட்டியைப் பேச வைத்து ஒலிப்பதிவு செய்து எழுதினாள். கடையில் இருந்த தராசைக்கூட எடுத்துவர விடவில்லை என்று பாட்டி சொன்ன இடத்தைத்தான் அவள் முதல் பக்கத்தில் வைத்திருந்தாள். நேர்முகத் தேர்வுக்கு வந்த ஆசிரியை அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டு, "பாட்டி சொன்னதெல்லாம் சான்றாகுமா?" என்று கேட்டிருக்கிறார். அப்போது பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்தில் இந்தியப் பிரிவினை பற்றிய பாடம் இருந்தது; அதுவே வாய்மொழிச் சான்றுகளை வைத்து எழுதப்பட்ட பாடம். மகள் அதைத்தான் பதிலாகச் சொல்லியிருக்கிறாள். அந்தப் பாடத்தைப் பிறகு நீக்கிவிட்டார்கள். இன்று இதே கேள்வியைக் கேட்டால் ஒரு பிள்ளை எந்தப் பக்கத்தைக் காட்டும் என்பதுதான் எனக்குக் கவலை.

நாமக்கல் மாவட்ட அரசுப் பள்ளி ஆசிரியை

காஞ்சிபுரத்து நண்பரின் கேள்வி விழுப்புரம் ஐயாவுக்கு மட்டும் உரியதல்ல, என்னைப் போன்றவர்களுக்கும் உரியது. பாடவேளை நாற்பது நிமிடம். மெல்லக் கற்போர் என்று பிரித்து வைத்த மாணவர்களுக்கு ஒரு மதிப்பெண் வினாக்களும் வரைபடமும் போதும், தேர்ச்சி பெற்றால் சரி என்பதுதான் எங்களிடம் எதிர்பார்க்கப்படுகிறது. அப்படிப் பிரிக்கப்பட்டிருந்த ஒரு மாணவனிடம் 1857 கிளர்ச்சி நடந்த இடங்களைக் குறிக்கச் சொல்லி வெற்று வரைபடத்தைக் கொடுத்தேன். புத்தகத்தைப் பார்க்காமல் குறித்துக்கொண்டே வந்தான். எப்படித் தெரியும் என்றேன். அவனுடைய அப்பா லாரி ஓட்டுநர். நம் ஊர் வழியாகப் போகும் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையைப் பென்சிலால் மேலே இழுத்துக் காட்டினான். சேலம், பெங்களூரு, ஹைதராபாத், நாக்பூர் தாண்டினால் ஜான்சி, அடுத்து குவாலியர், ஆக்ரா, டெல்லி. ஜான்சியில் வலப்பக்கம் திரும்பினால் கான்பூர், அதற்கு மேலே லக்னோ. டெல்லிக்குச் சற்று மேலே வலப்பக்கம் மீரட். புள்ளிகள் எல்லாம் சரியாக விழுந்திருந்தன. பிறகு தலை நிமிர்ந்து, "நம்மூர் ரோட்டுலயா டீச்சர் இவ்வளவும் நடந்துச்சு?" என்று கேட்டான்.

அன்றிலிருந்து 1857-ஐ மீரட்டில் தொடங்காமல் எங்கள் பேருந்து நிலையத்திலிருந்து தொடங்குகிறேன். மே 10 அன்று மீரட்டில் எழுந்த சிப்பாய்கள் மறுநாளே டெல்லியை அடைந்துவிட்டார்கள் என்று சொன்னால், லாரி வீட்டுப் பிள்ளைகள் உடனே தூரத்தைக் கணக்கிட்டுவிட்டு, எதில் போனார்கள், இரவெல்லாம் போனார்களா என்று கேட்கிறார்கள். இதற்கு இரண்டு பாடவேளைகள் கூடுதலாகப் போகின்றன, அவற்றை ஈடுகட்டக் கடைசிப் பாடங்களை அவசரமாக முடிக்க வேண்டியிருக்கிறது. வேறு மாவட்டங்களில் இருக்கும் ஆசிரியர்கள் இந்த நேரத்தை எங்கிருந்து எடுக்கிறீர்கள் என்று எழுதினால் எனக்கு உடனடியாகப் பயன்படும். திருப்புதல் தேர்வுகள் நெருங்கிவிட்டன.