தன்னார்வத் தரநிலைக் குழுவுக்கு நிதானமுள்ள தலைவரைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

கேள்வி: கொழிஞ்சாம்பாறைக்காரர்

வணக்கம். பாலக்காட்டு எல்லையூர்களின் பெயர்களைக் கணினி வரைபடங்களில் தமிழிலும் மலையாளத்திலும் எழுதுவதற்கு விதிகள் வகுக்கும் 18 பேர் கொண்ட தன்னார்வக் குழுவில் இருக்கிறேன். ஒருங்கிணைப்பாளரை இதுவரை கைதூக்கித்தான் தேர்ந்தெடுத்தோம். அதனால் அதிகம் பேசுபவரே அந்த இடத்துக்கு வந்தார். சென்ற ஆண்டு, சித்தூர் என்று எழுதுவதா, மலையாள வழக்கை ஒட்டிச் சிற்றூர் என்று எழுதுவதா என்ற விவாதத்தை ஒருங்கிணைப்பாளர் ஒரே இரவில் முடித்துவைத்தார். மறுப்புச் சொன்ன மூவர் அதன்பின் வரவேயில்லை. முடிவு தவறென்று நான் சொல்லவில்லை. நிதானமுள்ளவரை முன்கூட்டியே இனங்காண வழி உண்டா?

பதில் 1: களியக்காவிளை வாசகர்

இணைய நெறிமுறைகளை வகுக்கும் ஐஇடிஎஃப் அமைப்பும் இதே இடத்தில் இடறியதுதான். முகவரிப் பற்றாக்குறைக்குத் தீர்வாக வேறொரு நெறிமுறையை ஏற்கலாம் என்று 1992-இல் அதன் மேல்மட்டக் குழு தன்போக்கில் முடிவெடுத்தபோது பெரும் எதிர்ப்பு எழுந்தது. நியமனக் குழு முறை அதன் பிறகே வந்தது. அந்த அமைப்பில் உறுப்பினர் பட்டியலே இல்லாததால் பொது வாக்கெடுப்புக்கு இடமில்லை. ஆகவே, பங்கேற்புத் தகுதியுள்ள தன்னார்வலர்களிலிருந்து 10 பேரைக் குலுக்கல் முறையில் எடுத்து, அவர்களிடம் தேர்வை ஒப்படைக்கிறார்கள். ஒரே நிறுவனத்திலிருந்து இருவருக்கு மேல் வர முடியாது. தேர்ந்தெடுப்பவர் தாமே பதவிக்கு நிற்கவும் முடியாது. குலுக்கலுக்கான கணக்கு முறையையும், பின்னர் வெளியாகவிருக்கும் எந்தெந்தப் பொது எண்களை அதில் இடுவது என்பதையும் முன்னதாகவே அறிவித்துவிடுவதால், விடையை யார் வேண்டுமானாலும் சரிபார்க்கலாம். உங்களுக்குக் கேரள லாட்டரி முடிவு நாள்தோறும் வருகிறதே, அந்த எண்ணே போதும். (சீட்டு வாங்கச் சொல்லவில்லை.)

பதில் 2: நகரிக்காரர்

எங்கள் பக்கமும் ஒரு சித்தூர் உண்டு என்பதால் ஆவலோடு படித்தேன். இதை உடனே உத்திரமேரூர்க் குடவோலையோடு ஒப்பிடுவார்கள். ஆனால் பராந்தகன் காலத்து 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகளில் வாரியத்தாரே குடத்திலிருந்து வந்தனர், மேலே சொன்ன முறையிலோ தேர்ந்தெடுப்பவர்கள் மட்டுமே குலுக்கலில் வருகிறார்கள். தலைவரை அவர்கள் பலரிடம் விசாரித்துத்தான் தேட வேண்டும். என்னைக் கேட்டால், பழைய விவாதங்களை எடுத்துப் பார்த்து, எதிராளியின் வாதத்தை அவரே ஒப்புக்கொள்ளும் வகையில் எடுத்துச் சொன்னவர் யார், ஆதாரம் வந்ததும் தம் கருத்தை மாற்றிக்கொண்டவர் யார் என்று தேடுவேன். முன்னதற்கே எடை அதிகம். ஐஇடிஎஃபில் தலை எண்ணி முடிவெடுப்பதில்லை; மறுப்பை ஏற்காவிட்டாலும் அதற்கு விடை சொல்லியாக வேண்டும், விடை சொல்லியாகிவிட்டதா என்று தீர்மானிப்பவர் தலைவர். உங்கள் ஒருங்கிணைப்பாளர் தவறியது அந்த இடத்தில். கேட்டறிந்ததை இரகசியமாக வைத்திருப்பதும் அவசியம். எல்லோரும் எல்லோருக்கும் உறவாக இருக்கும் சிற்றூர்களில் இது எளிதன்று.

கொழிஞ்சாம்பாறைக்காரர்

இருவருக்கும் நன்றி. எஞ்சியிருப்பது 15 பேர்தான் என்பதால், குலுக்கலில் மூவரை மட்டும் எடுக்கலாம் என்று இருக்கிறோம். அவர்கள் முதலில் விசாரிக்க வேண்டியது விலகிப்போன அந்த மூவரையே என்று நாளைய கூட்டத்தில் முன்மொழிகிறேன்.