பழைய மரப் புரொப்பெல்லர்: எந்த விமானத்துடையது?

பனங்கொட்டை:
வணக்கம். போன மாதம் ஒன்டாரியோவில் தெசரான்டோ பக்கம் ஒரு பண்ணை வீட்டு ஏலத்துக்கு மேசை வாங்கப் போனவன், திரும்பும்போது கார் கூரையில் ஒரு மரப் புரொப்பெல்லரைக் கட்டிக்கொண்டு வந்தேன். (வீட்டில் இன்னும் சரியாகப் பேச்சுவார்த்தை இல்லை.) முனைக்கு முனை 8 அடி 3 அங்குலம். பலகைகளை அடுக்கடுக்காக ஒட்டிச் செதுக்கியது. நடுத் துளையைச் சுற்றி எட்டு போல்ட் துளைகள். இரண்டு முனையிலும் தகடு போர்த்தியிருக்கிறது, அதில் ஊசி குத்தியதுபோல் சிறு ஓட்டைகள். நடுவில் குத்திய எழுத்துகளில் ‘ஓஎக்ஸ்’ என்று மட்டும் படிக்க முடிகிறது. விற்றவர் ‘முதல் உலகப் போர் சண்டை விமானம்’ என்றார். உண்மையா? உப்புத்தாள் போட்டுத் தேய்த்து வார்னிஷ் அடிக்கலாமா?

குடமும்_ஆரமும்:
முதலில் அந்த உப்புத்தாளைக் கீழே வையுங்கள்! எழுத்து தேய்ந்தால் பாதி வரலாறு போய்விடும். மெல்லிய தாளைக் குடத்தின் மேல் வைத்து (வண்டிச் சக்கரத்துக்குச் சொல்வதுபோல் நடுப்பகுதியை நான் குடம் என்றுதான் சொல்வேன்) பென்சிலைச் சாய்த்துத் தேயுங்கள், சின்ன வயதில் நாணயத்துக்குச் செய்வோமே, அப்படி. கண்ணுக்குத் தெரியாததும் தாளில் விழும்.

ஓஎக்ஸ் என்றால் பெரும்பாலும் கர்ட்டிஸ் ஓஎக்ஸ்-5. எட்டு சிலிண்டர், 90 குதிரைத்திறன். ஜேஎன்-4 ‘ஜென்னி’ பயிற்சி விமானத்தில் இருந்த எஞ்சின், அதனால் சண்டை விமானம் என்ற கதையை இப்போதே விட்டுவிடலாம். அளவு மில்லிமீட்டரில் இருந்தால் பிரிட்டிஷ் வேலையாக இருக்கலாம், அடி அங்குலத்தில் இருந்தால் அமெரிக்கப் பக்கம் பாருங்கள்.

அந்தச் சிறு ஓட்டைகளை அடைத்துவிடாதீர்கள். மரத்தில் சேரும் ஈரம் சுழற்சியில் வெளியே தெறிப்பதற்காக வைத்தவை.

சந்தேகி:
எழுத்தை யாரும் குத்தலாம். 1930களில் கரண்ட் இல்லாத பண்ணைகளில் ரேடியோ பேட்டரி சார்ஜ் பண்ண மரக் காற்றாடி வைத்திருந்தார்கள், அதையும் ‘விமானப் புரொப்பெல்லர்’ என்று விற்கிறார்கள். வளைந்த பக்கம் மேலே இருக்கும்படி தரையில் கிடத்திப் பாருங்கள். ஒவ்வொரு அலகிலும் (நடுவிலிருந்து இருபுறமும் நீளும் கைகளில்) தடித்து உருண்ட விளிம்பு ஒன்று, மெல்லிய விளிம்பு ஒன்று. தடித்த விளிம்பு உயர்ந்திருந்தால் விமானம், தாழ்ந்திருந்தால் காற்றாடி. ஒன்று காற்றைத் தள்ளுகிறது, மற்றதைக் காற்று தள்ளுகிறது, அதனால்தான் சரிவு மாறுகிறது.

பனங்கொட்டை:
தடித்த விளிம்புதான் உயரம். அப்பாடா. பென்சில் வேலையும் செய்தேன்: ‘ஓஎக்ஸ் 5’ தெளிவாக விழுந்தது, பக்கத்தில் 8 அடி 3 அங்குலம் என்ற அளவு, அப்புறம் இன்னொரு எண், அது மட்டும் சிதைந்திருக்கிறது.

குடமும்_ஆரமும்:
சிதைந்தது பிட்சாக இருக்கும், அதாவது ஒரு சுற்றுக்கு எவ்வளவு முன்னேறும் என்ற கணக்கு. அதை நீங்களே அளக்கலாம். குடம் மட்டமாக இருக்கும்படி கிடத்தி, மையத்திலிருந்து 37 அங்குலத்தில் (ஆரத்தின் முக்கால் பங்கு) தட்டைப் பக்கத்தின் சரிவைப் போனில் உள்ள மட்டப் பலகையால் பாருங்கள்.

பனங்கொட்டை:
இரண்டு அலகிலும் 14 டிகிரி, கொஞ்சம் கூட.

குடமும்_ஆரமும்:
அருமை. 37 அங்குல ஆரத்தின் சுற்றளவு ஏறக்குறைய 232 அங்குலம், அதை 14 டிகிரியின் டேஞ்சன்ட்டால் பெருக்கினால் 58. கொஞ்சம் கூட என்கிறீர்கள், ஆகவே 5 அடி என்று வைத்துக்கொள்வோம். ஓஎக்ஸ்-5 நிமிடத்துக்கு 1,400 சுற்று. 5 அடி வீதம் 7,000 அடி, மணிக்கு ஏறக்குறைய 80 மைல். ஜென்னியின் உச்ச வேகம் சுமார் 75 மைல். பொருந்துகிறது பாருங்கள். எழுத்தைப் போலியாகக் குத்தலாம், இந்தச் சரிவைச் சும்மா அழகுக்காக யாரும் செதுக்கமாட்டார்கள்.

பனங்கொட்டை:
அப்படியானால் இது கனடாவில் செய்த ஜென்னி, ‘கனக்’ என்பார்களே, அதுதானே? தெசரான்டோவில் 1917இல் பிரிட்டிஷ் விமானப் படையின் பயிற்சி முகாம்கள் இருந்தன என்று படித்தேன்.

சந்தேகி:
அவசரப்படாதீர்கள். முகாம்கள் இருந்தது உண்மை, மோஹாக், ராத்பன் என்று இரண்டு. கனக் சுமார் 1,200 டொரான்டோவில் செய்யப்பட்டதும் உண்மை. ஆனால் போர் முடிந்ததும் ஓஎக்ஸ்-5 எஞ்சின்கள் உபரியாக மலிவு விலையில் குவிந்தன. 1920களில் வேக்கோ 10, டிராவல் ஏர் 2000 என்று பல விமானங்களில் அதைத்தான் பூட்டினார்கள். புரொப்பெல்லர் எஞ்சினைச் சொல்லும், விமானத்தைச் சொல்லாது. உங்கள் எழுத்துகளில் இராணுவ முத்திரை ஏதும் இல்லாதவரை ‘ஓஎக்ஸ்-5க்கானது’ என்று மட்டும் எழுதி வைப்பேன். ஏலக்காரரிடம் அந்தப் பண்ணையில் முன்பு யார் இருந்தார்கள் என்று கேளுங்கள், அந்தப் பதில்தான் இனி பயன்படும்.

தச்சர்_மகன்:
மரம் வால்நட்டா ஓக்கா என்று யாரும் கேட்கவில்லையே! குறுக்கே வெள்ளிக் கீற்றுகள் மினுங்கினால் ஓக். துடைக்க உலர்ந்த பருத்தித் துணி போதும். சுவரில் நட்டுக்குத்தலாகத் தொங்கவிடாதீர்கள், ஈரம் கீழ் அலகில் இறங்கி ஒரு பக்கம் கனத்துவிடும் என்று அந்தக் காலத்தவர்கள் படுக்கையாகத்தான் வைப்பார்கள்.

பனங்கொட்டை:
ஓக்தான், இப்போதே டார்ச் அடித்துப் பார்த்தேன். 8 அடி படுக்கையாக மாட்டும் சுவர் எங்கள் வீட்டில் ஒன்றுதான் இருக்கிறது, அதில் கல்யாணப் படம் தொங்குகிறது.