பையன் பள்ளி வெண்டிங் மெஷினிலேயே வயிற்றை நிரப்புகிறான், இன்று வயிற்றுவலி. அவசரம்

மதுரைக்காரி:
எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் இங்கே வந்து ஏழு வாரம்தான் ஆகிறது. இன்று பள்ளியிலிருந்து போன். பையன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறானாம். எனக்கு இன்னும் கார் ஓட்டத் தெரியாது, பக்கத்து வீட்டு அக்காவைக் கெஞ்சிக் கூட்டிக்கொண்டு ஓடினேன். பையைத் திறந்தால் நான்கு காலி சிப்ஸ் கவர். விரலெல்லாம் சிவப்புத் தூள். நான் கட்டிக் கொடுத்த எலுமிச்சை சாதம் அப்படியே இருக்கிறது. காசு போட்டால் பாக்கெட் தரும் இந்த மெஷினைப் பள்ளியிலிருந்து எடுக்கச் சொல்ல யாரிடம் போக வேண்டும்? இரவெல்லாம் எனக்குத் தூக்கம் வராது போலிருக்கிறது.

எடிசன்வாசி:
நீங்கள் சைவமா? அப்படியென்றால் சிப்ஸை விட்டுவிட்டு மிட்டாய் பக்கம் பாருங்கள். கம்மி (gummy) என்கிற பழச்சுவை ஜவ்வு மிட்டாய், மார்ஷ்மெல்லோ என்கிற பஞ்சு மாதிரி மிட்டாய் சேர்த்த அரிசிப்பொரிக் கட்டி இரண்டிலும் பெரும்பாலும் ஜெலட்டின் இருக்கும். அது மாட்டிலிருந்தோ பன்றியிலிருந்தோ எடுப்பது. என் மகள் முதல் ஆறு மாதம் தினமும் அதைத்தான் தின்றாள், எங்களுக்குச் சொல்ல ஆளில்லை. விஷயம் தெரிந்த அன்று என் மனைவி சமையலறையிலேயே உட்கார்ந்து அழுதாள். கவரின் பின்னால் படித்துவிட்டுத்தான் வாயில் வைக்க வேண்டும் என்று அன்றிலிருந்து வீட்டில் சட்டம்.

ஸ்காபரோ சாந்தி:
தங்கச்சி, பயப்படாதேங்கோ. இங்க கனடாவில், ஒண்டாரியோ மாகாணத்தில் 2011 செப்டம்பரிலிருந்தே பள்ளிக்கூடத்தில் விற்கிற சாப்பாட்டுக்குக் கட்டுப்பாடு இருக்கு. 80 வீதம் நல்ல சத்துள்ளதாக இருக்க வேணும், மிச்ச 20 வீதம்தான் சுமாரானது. பிரின்சிபலிட்டை ஒருக்கா கதையுங்கோ, அது போதும். பிள்ளையின் கையில் காசு மட்டும் குடுக்காதேங்கோ.

நெல்லை முருகன்:
காசு கொடுக்காதீர்கள் என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். புது ஊர், புதுப் பள்ளி. அந்த மெஷின் பக்கத்தில் நின்று ஒரு பாக்கெட்டைப் பிரித்துப் பங்கு போட்டால்தான் ஒரு நண்பன் கிடைப்பான். நான் வந்த வருஷம் கேண்டீனில் தனியாகத்தான் உட்கார்ந்து சாப்பிட்டேன். அந்த வேதனை பிள்ளைக்கு வேண்டாம். பிரின்சிபலிடம் போவதும் வீண், மெஷின் ஒப்பந்தம் பல இடங்களில் அவர் கையில் இருக்காது.

குரோய்டன் குமார்:
இங்கிலாந்தில் அரசு நிதியில் நடக்கும் பள்ளிகளில் சாக்லேட்டும் மிட்டாயும் விற்கவே கூடாது. மாலை 6 மணி வரை அந்த விதி பொருந்தும். உங்கள் ஊரில் அப்படி இல்லையா?

எடிசன்வாசி:
விதி இருந்து என்ன செய்ய? மதியச் சாப்பாட்டுக்கே 20 நிமிஷம். அதிலும் பாதி வரிசையில் போய்விடும். டப்பாவைத் திறந்தால் "என்ன வாசனை இது" என்று ஒருத்தன் கேட்பான், அதோடு பிள்ளை மூடி வைத்துவிடுவான். என் மகள் தயிர்சாதத்தையே வெறுத்தாள். இந்த நாட்டில் நம் சாப்பாட்டைப் பிள்ளைகள் சாப்பிட வைப்பதே தனிப் போராட்டம்.

நெல்லை முருகன்:
உண்மை. என் பையன் இரண்டு வருஷம் ரொட்டியும் ஜாமும்தான்.

பள்ளிக்கூட அம்மா:
கொஞ்சம் பொறுங்கள், அந்தப் பிள்ளையைக் கவனிப்போம். மதுரைக்காரி, வலி இப்போது எப்படி? வலது அடிவயிற்றில் வலி, காய்ச்சல், விடாத வாந்தி என்று ஏதாவது இருந்தால் இரவு முழுக்கக் காத்திருக்காதீர்கள், உடனே மருத்துவரைப் பாருங்கள். அப்புறம் எந்த நாடு, எந்த வகுப்பு, சாப்பாட்டு மணி எத்தனை, போன் வந்தது எத்தனை மணிக்கு? அந்த நான்கு கவரின் பின்பக்கத்தையும் பார்த்துச் சொல்லுங்கள்.

மதுரைக்காரி:
மன்னிக்கவும், பதற்றத்தில் எழுதவில்லை. அமெரிக்கா, டல்லாஸ் பக்கம். ஆறாம் வகுப்பு. சாப்பாடு 10:50-க்கு. பள்ளி 3:30-க்கு முடியும், பேண்ட் வாத்தியப் பயிற்சி 5 வரை. போன் வந்தது 4:40-க்கு. வலி குறைந்திருக்கிறது, ரசம் சாதம் சாப்பிட்டுவிட்டுப் படுத்திருக்கிறான். ஒரு கவரில் 28 கிராம், 130 கலோரி, முதல் பொருள் முழுதானிய மக்காச்சோளம். மற்ற மூன்றும் பெரியவை, ஒவ்வொன்றும் 280 கலோரி. அந்தச் சிவப்பு இவற்றில்தான்.

பள்ளிக்கூட அம்மா:
இப்போது புரிகிறது. அரசின் மதிய உணவுத் திட்டத்தில் இருக்கும் அமெரிக்கப் பள்ளிகளுக்கு 2014 ஜூலையிலிருந்து ஒரு விதி உண்டு. மெஷினில் விற்கும் நொறுக்குத்தீனி ஒன்றுக்கு 200 கலோரி, 200 மில்லிகிராம் சோடியம் தாண்டக் கூடாது. சர்க்கரை எடையில் 35 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குத் தண்ணீர், பால், கலப்படமில்லாத பழச்சாறு என்று சிலதுதான் விற்கலாம், காஃபின் கூடவே கூடாது. உங்கள் கையில் இருக்கும் சின்ன கவர் அந்த விதிக்குள் வருவது. ஆனால் விதி பள்ளி முடிந்து 30 நிமிஷம் வரைதான். நான்கு மணிக்கு மேல் எதை விற்றாலும் அந்த விதி தடுக்காது. பெரிய கவர் மூன்றும் அந்த நேரத்தில் வாங்கியதாகத்தான் இருக்கும்.

10:50-க்கும் சாப்பிடாதவன் நான்கு மணிக்கு என்ன செய்வான்? வெறும் வயிற்றில் மூன்று பாக்கெட் காரம், வலிக்கத்தான் செய்யும். அதனால் இரண்டு டப்பா கட்டுங்கள். காலையில் நன்றாகச் சாப்பிடட்டும், 10:50-க்குக் கொஞ்சம் போதும், வாசனை அதிகம் வராத சப்பாத்திச் சுருளோ இட்லியோ. நான்கு மணிக்குத் தனி டப்பா: வறுத்த கொண்டைக்கடலை, பொரி உருண்டை, வாழைப்பழம். வேர்க்கடலை வேண்டுமென்றால் பள்ளியில் அலர்ஜித் தடை இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள்.

மெஷின் விஷயத்துக்குப் பள்ளி மாவட்டத்தின், அதாவது உங்கள் பகுதிப் பள்ளிகளை நடத்தும் நிர்வாகத்தின், உணவுப் பிரிவுக்கு மின்னஞ்சல் போடுங்கள். அந்த மெஷின் யார் பொறுப்பு, மாலையிலும் சின்ன பாக்கெட்டே வைக்க முடியுமா என்று கேளுங்கள். ஒவ்வொரு மாவட்டத்துக்கும் வெல்னஸ் பாலிசி, அதாவது மாணவர் உடல்நலக் கொள்கை, என்று ஒன்று இருக்க வேண்டும், அதைத் தயாரிப்பதில் பெற்றோரையும் சேர்க்க வேண்டும் என்பது விதி. எங்கள் மாவட்டத்தில் அதைத் தயாரிக்கும் குழுவில் நான் மூன்று வருஷமாக இருக்கிறேன். முதல் கூட்டத்தில் என் ஆங்கிலம் தடுமாறியது, ஆனாலும் குறித்துக்கொண்டார்கள். மாலைக்கும் அதே அளவு என்று எங்கள் மாவட்டம் இப்போது எழுதியே வைத்துவிட்டது.

மதுரைக்காரி:
அக்கா, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்றே தெரியவில்லை. அவனிடம் பேசினேன். மதியம் பசிக்கவே இல்லையாம், நான்கு மணிக்குக் கை நடுங்குமாம், டிரம் குச்சி பிடிக்க முடியாதாம். எனக்கு நெஞ்சே கனத்துவிட்டது. பொரி இங்கே எந்தக் கடையில் கிடைக்கும்?

பள்ளிக்கூட அம்மா:
இந்திய மளிகைக் கடையில் முர்முரா என்று கேளுங்கள். வெல்லப்பாகு உருட்டுப் பதம் வந்தவுடன் அடுப்பை அணைத்துவிடுங்கள், விட்டால் உருண்டை கல்லாகிவிடும்.