‘ரெசிட்யூ’வுக்குத் தமிழ்: எச்சமா, கண்ணியா?

இந்திரா நகரிலிருந்து:

பெங்களூர் அன்பர்களுக்கு வணக்கம். பள்ளி மாணவர்களுக்கான கண்காட்சி ஒன்றுக்காகப் பெருமூலக்கூறுகள் பற்றிய 12 பலகைகளைத் தமிழாக்கி வருகிறேன். வெள்ளி மாலை அச்சுக்குப் போக வேண்டும். ஒருபடி (மோனோமர்), பலபடி (பாலிமர்), அமினோ அமிலங்களை இணைக்கும் பெப்டைடு பிணைப்பு எல்லாம் தடையில்லாமல் வந்துவிட்டன. சங்கிலியாகக் கோத்த மூலக்கூறில் ஒவ்வோர் அலகையும் குறிக்கும் ‘ரெசிட்யூ’ மட்டும் முட்டுகிறது. எந்தச் சொல்லைப் பரிந்துரைத்தாலும் புரதங்கள் பற்றிய இந்த மூன்று வாக்கியங்களில் வைத்துப் பார்த்துச் சொல்லுங்கள்:

இன்சுலினில் 51 ____ உள்ளன.
கொலாஜனில் மூன்றுக்கு ஒரு ____ கிளைசின்.
ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியில் 6ஆவது ____ குளுடாமிக் அமிலமாக இல்லாமல் வேலினாக இருந்தால் அரிவாள் செல் சோகை.

‘அமினோ அமிலம்’ என்றே மூன்றிலும் போட்டுவிடலாமா?

ஜாலஹள்ளியிலிருந்து:

அம்மா, அது மட்டும் வேண்டாம். தனித்து நிற்கும் கிளைசின் என்ற அமினோ அமிலத்தின் நிறை 75.07 டால்டன் (மூலக்கூறு நிறையின் அலகு). சங்கிலிக்குள் நிற்கும் கிளைசினுக்கு 57.05தான். இரண்டு அமினோ அமிலங்கள் இணையும்போது ஒன்றின் கார்பாக்சில் பக்கத்திலிருந்து ஹைட்ராக்சிலும் மற்றதன் அமினோ பக்கத்திலிருந்து ஹைட்ரஜனும் கழன்று ஒரு நீர் மூலக்கூறு போகிறது. அந்த இழப்புக்குப் பின் சங்கிலியில் இருப்பதுதான் ரெசிட்யூ.

மாணவர்கள் தவறுவதும் இங்கேதான். இன்சுலினில் ஏ சங்கிலி 21, பி சங்கிலி 30. ஒவ்வொன்றிலும் எண்ணிக்கையைவிட ஒன்று குறைவாகத்தான் பிணைப்பு, ஆக 20, 29. மொத்தம் 49 நீர் போயிருக்கிறது. இரண்டு கந்தக அணுக்கள் இணையும் மூன்று டைசல்பைடு பாலங்களுக்காக 6 ஹைட்ரஜனும் போயிருக்கிறது. 51 அமினோ அமிலங்களின் நிறையை அப்படியே கூட்டினால் ஏறத்தாழ 889 டால்டன் அதிகமாக வரும். 5,808 டால்டன் உள்ள மூலக்கூறில் அது சின்னப் பிழை இல்லை.

‘எச்சம்’ என்று யாரும் தொடங்கும் முன் ஒன்று சொல்லிவிடுகிறேன். செய்தித்தாள் படிக்கும் எவருக்கும் எச்சம் என்றால் பூச்சிக்கொல்லி எச்சம், இல்லையேல் பறவை எச்சம். ‘இன்சுலினில் 51 எச்சங்கள்’ என்று பலகையில் பார்த்தால் மருந்தில் கலப்படம் என்றுதான் நினைப்பார்கள். என் பரிந்துரை கண்ணி. சங்கிலி என்று சொல்லிவிட்டோம், சங்கிலியின் ஒரு வளையத்துக்குக் கண்ணி என்று பெயர் இருக்கிறது, வேறென்ன வேண்டும்?

அல்சூரிலிருந்து:

ஐயா, பறவை எச்சத்துக்காகச் சொல்லையே துறக்க வேண்டுமா? அஞ்சு, அச்சம், மிஞ்சு, மிச்சம், எஞ்சு, எச்சம். எஞ்சி நிற்பது என்பதுதான் நேர்ப்பொருள். குறளில் ‘தக்கார் தகவிலர் என்பது அவரவர் எச்சத்தாற் காணப்படும்’ என்கிறபோது அது கழிவில்லை. ஒருவர் விட்டுச்செல்லும் மக்கள், புகழ்.

அதைவிட முக்கியமானது இலக்கணம். ‘வந்தான்’ முற்று. ‘வந்த’, ‘வந்து’ எச்சம். எச்சம் தனித்து நிற்காது. அடுத்து ஒரு பெயரோ வினையோ வந்தால்தான் பொருள் முடியும். நீங்கள் விளக்கியதும் இதைத்தானே? தனி அமினோ அமிலம் முற்று. அதன் ஈறு கழன்று அடுத்ததைப் பற்றி நிற்பது எச்சம். தொல்காப்பியம் சொல்லதிகாரத்தில் எச்சவியல் என்று ஓர் இயலே வைத்த மொழி இது. இவ்வளவு பொருந்தும் சொல்லைக் கையில் வைத்துக்கொண்டு வேறெங்கே தேடுவது?

கண்ணி என்றால் எனக்கு முதலில் வருவது தலையில் சூடும் மாலை. ‘நின்ன கண்ணியும் ஆர்மிடைந் தன்றே’ என்று சோழர் இருவருக்கிடையே கோவூர்கிழார் பாடியது. அடுத்து தாயுமானவரின் ஈரடிப் பாட்டான பராபரக்கண்ணி. அடுத்து பறவைக்கு வைக்கும் பொறி. பொருள் மயக்கம் என்று பார்த்தால் எச்சத்தைவிடக் கண்ணிக்குத்தான் அதிகம்.

மல்லேசுவரத்திலிருந்து:

கன்னடத்தில் இணைய இணைப்புக்குக் ‘கொண்டி’ என்கிறார்கள். நம்மிடமும் கதவுக் கொண்டி இருக்கிறது. கொள் என்ற வேரோடு பொருத்திப் பார்க்கலாம். ஒன்றை ஒன்று கொண்டு நிற்பது. புரதத்துக்கும் தமிழ் வேர் காட்டலாம், புரத்தல் என்றால் காத்தல்.

அல்சூரிலிருந்து:

பட்டினப்பாலையில் ‘கொண்டி மகளிர்’ என்றால் பகைவர் நாட்டிலிருந்து சிறைபிடித்து வந்த பெண்கள். கொண்டிக்குக் கொள்ளை என்ற பொருள் உண்டு. பலகைக்கு வேண்டாம். புரதம் புரத்தலிலிருந்து வந்ததென்பதையும் ஏற்க முடியாது. 1838இல் கிரேக்கச் சொல்லிலிருந்து ஆக்கிய ‘புரோட்டீன்’ ஒலியை ஒட்டியது அது. வேர் இனிக்கிறது என்பதற்காக வரலாற்றை மாற்றக் கூடாது.

ஒயிட்ஃபீல்டிலிருந்து:

இந்தப் பிள்ளைகள் நாளை நுழைவுத் தேர்வில் பார்க்கப்போவது ‘ரெசிட்யூ’தான். அப்படியே எழுதினால் என்ன? அமினோவையும் பெப்டைடையும் ஒலிபெயர்த்துவிட்டு இதற்கு மட்டும் ஏன் இவ்வளவு பாடு?

ஜாலஹள்ளியிலிருந்து:

அமினோ ஒரு பொருளின் பெயர். ரெசிட்யூ ஒரு கருத்தின் பெயர். கருத்தை ஒலிபெயர்த்தால் மாணவருக்குக் கையில் பிடி கிடைக்காது.

அல்சூர் ஐயாவின் முற்று, எச்சம் விளக்கத்தை இனி வகுப்பில் சொல்லப்போகிறேன். ஆனால் சொல் புரதத்தோடு நிற்கவில்லையே. கிளைகோஜனில் குளுக்கோஸ், டிஎன்ஏவில் நியூக்ளியோடைடு, எல்லாவற்றுக்கும் வேண்டும். டிஎன்ஏ நீளும்போது ஒவ்வொரு நியூக்ளியோடைடும் மூன்று பாஸ்பேட்டுகளோடு வந்து, அவற்றில் இரண்டைப் பைரோபாஸ்பேட்டாக விட்டுவிட்டுச் சேர்கிறது. செல்லில் புரதம் கட்டும் ரைபோசோமில்கூட அமினோ அமிலம் கடத்து ஆர்என்ஏவில் ஒட்டிக்கொண்டு வந்து அதை விடுகிறது. நீர் போவது நிறைக் கணக்கு, செல்லுக்குள் நடக்கும் வழி வேறு. கண்ணிக்கு இந்தச் சிக்கலே இல்லை. எதை இழந்து வந்தாலும் அது கண்ணிதான். கிராமிசிடின் எஸ் என்ற நுண்ணுயிர்க்கொல்லி போல வட்டமாக மூடிய சங்கிலியில் 10 கண்ணி, 10 பிணைப்பு என்று எண்ணவும் எளிது. ‘மூன்றுக்கு ஒரு கண்ணி கிளைசின்’ என்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். கொலாஜனில் மூன்று சங்கிலிகள் முறுக்கி நிற்கும் முச்சுருளைச் சென்னையில் 1954இல் முன்வைத்த ஜி. என். ராமச்சந்திரன் பின்னர் இதே பெங்களூரின் இந்திய அறிவியல் கழகத்துக்கு வந்தவர். அந்த வாக்கியமாவது இங்கே நல்ல தமிழில் நிற்கட்டும்.

இந்திரா நகரிலிருந்து:

நேரமாகிவிட்டது. மறுமொழி தந்தவர்களில் நால்வர் கண்ணி, இருவர் எச்சம், ஒருவர் ஒலிபெயர்ப்பு. பலகைகளில் கண்ணி என்றே போடுகிறேன். 4ஆவது பலகையில், நிறைக் கணக்குக்கு மேலே, ‘நீர் நீங்கியபின் எஞ்சுவது’ என்று ஒரு வரி சேர்த்திருக்கிறேன்.

அல்சூரிலிருந்து:

பெரும்பான்மைக்குக் கட்டுப்படுகிறேன், உடன்பாடு இல்லை. இரும்புச் சங்கிலியில் கோத்த கண்ணி எடை குறையாது. மாணவர் மறுபடியும் 51இன் நிறையையும் அப்படியே கூட்டுவார். 6 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் 110 டிகிரியில் 24 மணி நேரம் வைத்துப் புரதத்தை உடைப்பது பற்றி 9ஆவது பலகையில் இருக்கிறதே, அங்கே நீர் திரும்ப ஏறி அமினோ அமிலம் வெளிவருகிறது. எச்சம் முற்றாவது அதுதான். கண்ணி என்ற சொல் அதை எப்படிக் காட்டும்?

ஜாலஹள்ளியிலிருந்து:

9இல் மட்டும் எச்சம் என்றே இருக்கட்டும், எனக்கு மறுப்பில்லை. அந்தச் சோதனையில் டிரிப்டோபான் என்ற அமினோ அமிலம் அழிந்துவிடும், அஸ்பராஜின் என்பது அஸ்பார்டிக் அமிலமாகிவிடும் என்பதையும் சேருங்கள் அம்மா. எண்ணிக்கை பொருந்தாமல் போவது அதனால்தான்.

இப்போதுதான் இன்னொன்று கண்ணில் படுகிறது. ஒவ்வொரு கண்ணியிலிருந்தும் நீட்டிக்கொண்டிருப்பதை ‘பக்கச்சங்கிலி’ என்று எழுதியிருக்கிறோம். அதில் கண்ணியே கிடையாது. அச்சுக்குப் போகும் முன் ‘பக்கக்கிளை’ என்று மாற்ற முடியுமா?