குழந்தையின் கணக்கு யார் மனசில் ஓடுகிறது? உங்கள் வீட்டில் நடந்ததை எழுதுங்கள்

குழந்தைகள் பிரிவில் வேலை பார்க்கும் ஒரு நர்ஸ்:

மருத்துவர் பார்ப்பதற்கு முன் சீட்டில் குறிக்க நாங்கள் சில கேள்விகள் கேட்போம். கடைசியாக எத்தனை மணிக்கு மருந்து கொடுத்தீர்கள், எத்தனை மில்லி, எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாமல் போயிருக்கிறதா? குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே வரும் அப்பாக்களில் பலர் இந்த இடத்தில் போனை எடுத்துவிடுவார்கள். "ஒரு நிமிஷம் சிஸ்டர், அவளைக் கேட்டுச் சொல்றேன்." பாசத்தில் குறை சொல்ல முடியாது. ஊசி போடும்போது குழந்தையைவிட அதிகமாகக் கண்கலங்குபவர்களும் இவர்கள்தான்.

சமீபத்தில் ஒருவர் வந்தார். சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த தாளை எடுத்தார். மணி, காய்ச்சல் அளவு, கொடுத்த மருந்து எல்லாம் வரிசையாக இருந்தது. "ராத்திரி கொடுத்ததுல பாதியைத் துப்பிட்டான். அதை முழு டோஸா எழுதிடாதீங்க" என்றார். துப்பியதைத் துடைத்தவருக்குத்தான் அது தெரியும்.

மைக்கேல் லாம்ப் என்ற உளவியலாளரும் அவருடைய சகாக்களும் 1980களில் அப்பாவின் ஈடுபாட்டை மூன்றாகப் பிரித்துப் பார்த்தார்கள்: குழந்தையோடு நேரடியாகச் செலவிடும் நேரம், கூப்பிட்டால் கிடைக்கும் தூரத்தில் இருப்பது, பொறுப்பைச் சுமப்பது. முதல் இரண்டும் கண்ணுக்குத் தெரியும். செருப்பு சின்னதாகிவிட்டது, அடுத்த தடுப்பூசி வருகிறது, பள்ளிக்கூடத்தில் யாரோ இவனோடு பேசுவதில்லை என்பதெல்லாம் யார் மனசில் ஓடுகிறது என்பதுதான் மூன்றாவது. என் அனுபவத்தில் குழந்தைகள் யாரிடம் ஒட்டுகிறார்கள் என்பதை இந்த மூன்றாவதுதான் முடிவு செய்கிறது. உங்கள் வீட்டில் எப்படி? அறிவுரை வேண்டாம், நடந்ததை எழுதுங்கள்.

குறைமாதக் குழந்தையின் அப்பா:

மகள் பிறந்தபோது என் உள்ளங்கையை விடக் கொஞ்சம்தான் பெரியவள். மனைவிக்கு அறுவை சிகிச்சை ஆகி எழுந்திருக்க முடியவில்லை. என்னைச் சட்டையைக் கழற்றச் சொல்லி, சாய்வு நாற்காலியில் உட்காரவைத்து, குழந்தையை நெஞ்சோடு சேர்த்துத் துணியால் கட்டிவிட்டார்கள். கங்காரு பராமரிப்பு என்றார்கள். 1970களின் கடைசியில் கொலம்பியாவின் போகோட்டா நகரில் இன்குபேட்டர் பற்றாக்குறை வந்தபோது மருத்துவர்கள் தொடங்கிய முறை அது என்று பிறகு படித்தேன். அப்போது எனக்கு வரலாறெல்லாம் தேவைப்படவில்லை. தும்மல் வந்தால் என்ன செய்வது என்பதுதான் ஒரே கவலை.

அவளுடைய மூச்சு ஒரு மாதிரி தடுமாறும், அப்புறம் சீராகும். மானிட்டர் சத்தம் போடுவதற்கு முன்பே அது என் தோலுக்குத் தெரிய ஆரம்பித்தது. வீட்டுக்கு வந்தபின் குளிப்பாட்டுவது, நகம் வெட்டுவது எல்லாம் தானாகவே என் கைக்கு வந்தது. அழுதால் "உன்னைத்தான் தேடுறா" என்று மனைவியிடம் நீட்டும் பழக்கம் எனக்கு வரவே இல்லை.

இன்னொன்று, சிரிக்காதீர்கள். பிலிப்பைன்ஸில் 600க்கும் மேற்பட்ட ஆண்களைத் தொடர்ந்து கவனித்து 2011-ல் ஓர் ஆய்வு வெளிவந்தது. அப்பாவானவர்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் குறைந்திருந்தது. தினமும் குழந்தையைக் கவனித்துக்கொள்பவர்களுக்கு இன்னும் குறைவு. குழந்தை வளர்ப்புக்கு ஆண் உடலும் தயாராகிறது என்பதுதான் விஷயம். நண்பர்களிடம் சொன்னால் குழந்தையைத் தூக்கவே பயப்படுகிறார்கள்.

ஒரு சித்தி:

இது என் அக்கா வீட்டுக் கதை. மாமா டயப்பர் மாற்றினால் அக்கா வந்து திரும்பவும் ஒட்டுவாள். அவர் சட்டை போட்டுவிட்டால் "இதையா போட்டீங்க?" என்பாள். கொஞ்ச நாளில் அவர் ஒதுங்கிக்கொண்டார். "இவருக்கு ஒண்ணும் தெரியாது" என்று அக்காவும் சலித்துக்கொள்ள ஆரம்பித்தாள்.

பிறகு அக்காவுக்கு வேலையில் இரவு ஷிப்ட் வந்தது. முதல் சில ராத்திரி வீடே அல்லோலகல்லோலம். திருத்த ஆள் இல்லாததால் மாமா தனக்கென்று ஒரு முறை கண்டுபிடித்தார். தூங்கவைக்கப் பாட்டு வராது. அதனால் பக்கத்தில் படுத்துக்கொண்டு அன்று அலுவலகத்தில் நடந்த சண்டையை முழுசாகச் சொல்வார். பையன் கண் சொருகும் வரை "அப்புறம்? மேனேஜர் என்ன சொன்னாரு?" என்று கேட்பான். இப்போது கெட்ட கனவு கண்டு எழுந்தால் "அப்பா" என்றுதான் கத்துகிறான். அக்காவுக்கு அதில் பாதி நிம்மதி, பாதி வருத்தம்.

ஸ்வீடனில் பெற்றோர் இருவரும் பகிர்ந்துகொள்ளலாம் என்று 1974-லேயே சம்பளத்துடன் விடுப்பு கொடுத்தார்கள். பெரும்பாலும் அம்மாக்கள்தான் எடுத்தார்கள். 1995-ல், மற்றவருக்கு மாற்றித் தர முடியாதபடி ஆளுக்கு ஒரு மாதத்தை ஒதுக்கிய பிறகுதான் அப்பாக்களும் கூடுதலாக எடுக்கத் தொடங்கினார்கள். எங்கள் வீட்டில் அந்தச் சட்டத்தின் வேலையை நைட் ஷிப்ட் செய்தது.

கப்பலில் வேலை செய்தவரின் மகள்:

அப்பா வருஷத்தில் பாதி நாள் கடலில். ஆனால் என் கணக்கு டீச்சர் யார், நான் யாரோடு பேசாமல் இருக்கிறேன் எல்லாம் அவருக்குத் தெரியும். கடிதத்தில் "அவளோடு சமாதானம் ஆயிற்றா?" என்று கேட்பார். கடிதம் வந்து சேரும்போது நாங்கள் சமாதானமாகி மறுபடியும் சண்டை போட்டிருப்போம், அது வேறு விஷயம். நர்ஸம்மா சொன்ன முதல் இரண்டும் எனக்குக் கிடைக்கவில்லை. மூன்றாவது குறைவில்லாமல் கிடைத்தது.

தனியாக வளர்க்கும் ஓர் அம்மா:

படிக்க நன்றாக இருக்கிறது. ஒன்று கேட்கட்டுமா? வீட்டில் கூடவே இருந்து, தட்டு பறக்கும் அளவுக்குச் சண்டை போடும் அப்பாவை எந்தக் கணக்கில் சேர்ப்பீர்கள்? நாங்கள் பிரிந்து வந்த பிறகுதான் என் மகன் படுக்கையை நனைப்பது நின்றது. பள்ளிப் படிவத்தில் அவசரத்துக்கு அழைக்க வேண்டிய எண் என் தம்பியுடையது. அழைத்தால் வந்துவிடுவான்.

நர்ஸ்:

நியாயமான கேள்வி தோழி. வீட்டில் ஓயாத சண்டை இருந்தால் குழந்தையின் தூக்கமும் படிப்பும் கெடுவதை நாங்களும் பார்க்கிறோம். இரண்டு அம்மாக்கள் வளர்க்கும் குடும்பங்களிலும் பிள்ளைகள் நன்றாகவே வளர்வதாகத்தான் ஆய்வுகள் காட்டுகின்றன. பெயருக்கு ஓர் அப்பா இருந்தால் போதும் என்று நான் சொல்லவரவில்லை. உங்கள் தம்பியை நான் தாராளமாகச் சேர்த்துக்கொள்வேன்.

பெயர் சொல்ல விரும்பாத ஓர் அப்பா:

சிஸ்டர், நான் கொஞ்சம் வேறு மாதிரி எழுதுகிறேன். மகனுக்கு நாலு மாதம் இருக்கும்போது எனக்கு எதிலும் ஒட்டுதல் இல்லாமல் போயிற்று. மடியில் வைத்திருப்பேன், பேசமாட்டேன். அவன் சிரிப்பான், நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பேன். களைப்பு என்று நினைத்தேன். தடுப்பூசிக்குப் போனபோது மனைவியிடம் அவளுடைய மனநிலை பற்றி வழக்கமான கேள்விகளைக் கேட்டார்கள். அங்கிருந்த நர்ஸ் கிளம்பும் நேரத்தில் என் பக்கம் திரும்பி, "நீங்க தூங்குறீங்களா சார்?" என்றார். பதில் சொல்ல வாய் திறந்தேன், அழுகைதான் வந்தது.

மனநல மருத்துவர், இது குழந்தை பிறந்த பின் வரும் மனச்சோர்வு, அப்பாக்களுக்கும் வருவதுதான் என்றார். பல ஆய்வுகளைத் தொகுத்து 2010-ல் வெளியான கட்டுரை, பத்தில் ஓர் அப்பாவுக்கு இப்படி நேர்வதாகச் சொல்கிறது. பிறந்த மூன்றாவது மாதத்திலிருந்து ஆறாவது மாதம் வரை அதிகமாம். இப்படி இருக்கும் அப்பாக்கள் குழந்தையிடம் பேசுவதும் கதை படித்துக்காட்டுவதும் குறைந்துபோகிறது என்பதையும் அவர்தான் சொன்னார். சிகிச்சைக்குப் போன பிறகு மெல்ல மெல்லச் சரியானது. இங்கே கைக்குழந்தை உள்ள அப்பா யாராவது இதைப் படித்துவிட்டுத் தன்னைப் போல இருக்கிறதே என்று நினைத்தால், அடுத்த தடுப்பூசி வரை காத்திருக்காமல் மருத்துவரிடம் பேசுங்கள்.